நாவலோடையில் ஒன்றுமில்லை

அக்டோபர் 7, செவ்வாய்

கீழக்கரட்டில் நேற்று வைத்த நாற்பது கூண்டில் ஒன்பது விழுந்திருந்தது. ஏழு எலி, இரண்டு மூஞ்சூறு. ஒரு கூண்டை நாய் இழுத்துப்போய் ஓடைக்குள் போட்டிருந்தது. ஒச்சு அண்ணன் முள்ளுக்குள் இறங்கி எடுத்து வந்தார். வண்டி ஓட்டுவதுதான் அவர் வேலை. ஆனால் கூண்டு வைப்பதில் அவருக்கு இருக்கும் கைப்பக்குவம் எனக்கு இந்த நாலு வருடத்தில் வரவில்லை. கருவாட்டுத் துண்டை நெருப்பில் லேசாக வாட்டி மாட்டுகிறார். "வாட வரணும்மா. மனுசனுக்கே வாயூறணும். அப்பத்தான் அது தேடி வரும்" என்கிறார்.

மயக்க மருந்து கொடுத்து, காதுமடலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே மிளகாய்த்தூள் தூவியதுபோல உண்ணிக் குஞ்சுகள். குண்டூசித் தலையில் பத்து வைக்கலாம். இவை கடித்தால் மனிதருக்குக் காய்ச்சல் வரும். எல்லா உண்ணியும் அல்ல, உள்ளே கிருமி இருப்பது மட்டும். எந்த ஊர் உண்ணியில் கிருமி இருக்கிறது, அந்த உண்ணி எந்த வகை என்று டிஎன்ஏவை வைத்துச் சொல்வதுதான் எங்கள் ஆய்வு. மலைக்குக் கிழக்கே கீழக்கரடு, மேற்கே நாவலோடை. டிசம்பரோடு திட்டம் முடிகிறது. முடிவு நன்றாக வந்தால் இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பார்கள் என்று திட்டத்தை நடத்தும் பத்மாசனி மேடம் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்று நாலாம் நாள். சொட்டு மருந்து ஆறு வேளை. நான் இல்லாதபோது பக்கத்து வீட்டு லூர்து அக்கா விடுகிறார்.

அக்டோபர் 9, வியாழன்

நாவலோடை. மழை விட்டு விட்டுப் பெய்தது. மூஞ்சூறு பிள்ளையாரின் வாகனம், பிடிக்கக் கூடாது என்று நான்கு வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுப் பெண் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "பிள்ளையாருக்கு ஊர்ல ஆயிரம் மூஞ்சூறு இருக்கு. நாலு கொறஞ்சா நடந்து போகட்டும். நீங்க வாங்க டீச்சர்" என்றார். பவுனுத்தாய் என்று பெயர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பையும் பேனாவுமாக வந்ததால் டீச்சர் என்று முடிவு செய்துவிட்டார். நான் திருத்தவில்லை.

மல்லிகைத் தோட்டத்து வரப்பிலும் விறகுக் கொட்டகையிலும் கூண்டு வைக்க இடம் காட்டினார். கூடவே நடந்து வந்து, "இத வச்சு எங்களுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"இந்தப் பூச்சியில விசம் இருக்கா இல்லையான்னு சொல்லுவோம்க்கா."

"இருந்தா?"

"டாக்டருங்க வருவாங்க. காய்ச்சல் வந்தா என்ன மாத்திர குடுக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி நல்லதுதான."

"அப்ப முடிவு வந்ததும் எனக்கு ஒரு போன் போட்ருங்க. தெனமும் விடியால இந்தச் செடிக்குள்ளதான் கெடக்கேன். அந்த மனுசனுக்கும் புள்ளைக்கும் என்னைய விட்டா யாரு இருக்கா?" என்றவர், உடனே சிரித்தார். "ரொம்பப் பேசுறேன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் வாயத் தொறக்க மாட்டாரு. அவருக்கும் சேத்து நாந்தான் பேசணும்."

அவருடைய கணவர் சின்னச்சாமி கொட்டகைக்குள் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

நாவலோடையில் பதினோரு மூஞ்சூறு. பாதிக்குமேல் பவுனுத்தாயின் தோட்டத்தில். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அதிலேயே உட்கார்ந்து உண்ணி எடுத்தேன். ஒவ்வொரு ட்யூப்புக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று போட வேண்டும் என்பது முறை. மழை சாய்வாக அடித்தது, நாலு மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. சீட்டு எழுதவில்லை. ட்யூப்பின் மேல் மார்க்கரால் எழுதினேன். கீழக்கரட்டிலும் அப்படித்தான் செய்திருந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பெட்டியைத் திறந்ததும், உண்ணி கெடாமலிருக்க ட்யூப்பில் ஊற்றிய ஸ்பிரிட்டின் வாடை. சில மூடிகள் சரியாக இறுகாமல் கசிந்திருக்கின்றன. சில எழுத்துகள் கலைந்திருந்தன. துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். ஊருக்கு ஒரு ரேக்காக ட்யூப்புகளை அடுக்கியிருந்தோம், கீழக்கரட்டு ரேக்கை இடது பக்கம் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டும் ஒரே நீல நிறம். அடுத்த முறை வேறு வேறு நிறத்தில் வாங்கச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வலது கண்ணில் நீர் வடிகிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

கிருமி இருக்கிறது. ஒரு ரேக்கில் பதினாறு ட்யூப்பில் ஒன்பதில் கோடு அடித்தது போலத் தெளிவாக வந்திருக்கிறது. மற்ற ரேக்கில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மட்டும் வைத்த ட்யூப் சுத்தமாக இருக்கிறது, அதனால் சோதனையில் பிழை இல்லை. மேடம் கம்ப்யூட்டர் திரைக்கு முன் குனிந்து பார்த்து, "ஒரு ஊர்ல இவ்வளவு, இன்னொண்ணுல சுத்தமா இல்ல! இப்படி ஒரு ரிசல்ட் நான் பாத்ததே இல்ல நிர்மலா" என்றார்.

கிருமி உள்ளது கீழக்கரடு.

தீபாவளிக்கு மூன்று நாள் விடுமுறை.

அக்டோபர் 27, திங்கள்

கிருமி இருந்த ஒன்பது ட்யூப் உண்ணிகளின் டிஎன்ஏ வரிசை வந்தது. போன வருடம் மேடத்தின் மாணவர் ஒருவர் மலையின் இரண்டு பக்கத்து உண்ணிகளையும் ஒப்பிட்டிருக்கிறார். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், அந்த ஒரு மரபணுவில் கிழக்குச் சரிவு உண்ணிக்கும் மேற்குச் சரிவு உண்ணிக்கும் முப்பத்தொரு எழுத்து வித்தியாசம். எங்கள் கீழக்கரட்டு உண்ணிகள் ஒன்பதும் மேற்கு வகை.

மேடம் வெகுநேரம் பார்த்தார். "மேற்கு வகை எப்படி கிழக்க வந்துச்சு?" என்றார். பிறகு, "லேபிள் எல்லாம் சரிதானே?"

"சரிதான் மேடம்."

"நிர்மலா பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று என் தோளைத் தட்டினார். மூஞ்சூறு மலையைத் தாண்டியிருக்கலாம், விறகு லாரியில் போயிருக்கலாம், இது தனிக் கட்டுரையாகவே வரும் என்றார். இருக்கலாம். விறகு லாரி தினமும் போகிறது. நானே பார்த்திருக்கிறேன்.

வரும் வழியில் அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன்.

அக்டோபர் 30, வியாழன்

சுகாதாரத் துறைக் கூட்டம். மேடம் படம் போட்டுக் காட்டினார். கீழக்கரடு சிவப்பு, நாவலோடை பச்சை. அந்தச் சிவப்புக்கு முகாம், மாத்திரை, வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கு எல்லாம் ஒதுக்கினார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு நடமாடும் குழு. அதைக் கீழக்கரட்டுக்கு அனுப்புவதாக முடிவு. இரண்டு பக்கத்து டாக்டர்களுக்கும் பட்டியல் போய்விடும். கூட்டம் முடிந்ததும் அதிகாரி ஒருவர் என்னிடம் வந்து, "கூண்டு வச்சது நீங்கதானாம்மா? நல்ல வேலை" என்றார்.

நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தினோம். மழையில் மூன்று முறை அணைந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கல்லில் இருந்த பெயரைத் தானே படித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு படிக்கிறார்.

நவம்பர் 4, செவ்வாய்

பவுனுத்தாய் போன் செய்தார். எண்ணை ஒச்சு அண்ணனிடம் வாங்கியிருக்கிறார்.

"என்ன டீச்சர், போன் போடுறேன்னுட்டு மறந்துட்டீங்க?"

"வேலக்கா."

"கீழக்கரட்டுக்கு டாக்டர் வாராங்களாமே. அப்ப அங்கதான் இருக்கா? எங்க ஊருல?"

பின்னால் யாரோ பூவுக்கு விலை பேசும் சத்தம் கேட்டது.

"உங்க ஊர்ல ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

"அம்மாடி. வயித்துல பால வார்த்தீங்க" என்று சொல்லி, ஊருக்கு வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது என்றும் சொல்லி வைத்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

கீழக்கரட்டில் முகாம். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆறு பேருக்குக் காய்ச்சல். உண்ணி கடித்த இடத்தில் வரும் கறுப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டதுபோல இருக்கும், அது ஒருவர் உடம்பிலும் இல்லை. மாலையில் விரைவுச் சோதனையின் முடிவும் வந்தது. ஒருவருக்கும் இல்லை.

சுகாதார ஆய்வாளர், "ஒன்பது ட்யூப்ல இருக்குன்னீங்க, ஊர்ல ஒருத்தனுக்குமா இருக்காது?" என்றார். குறை சொல்லவில்லை, ஆச்சரியப்பட்டார். மாத்திரைப் பெட்டிகளைப் பிரிக்காமலே மறுபடி வண்டியில் ஏற்றினோம்.

நவம்பர் 14, வெள்ளி

டீக்கடையில் ஒச்சு அண்ணன் சொன்னார்: "நாவலோடை பவுனுத்தாயிக்கு ஒரு வாரமா காய்ச்சலாம்மா. ரெண்டு ஊசி போட்டும் விடலையாம். தல தூக்க முடியலன்னு படுத்தே கெடக்காம்."

மழைக்காலம், எல்லோருக்கும் காய்ச்சல்தான் என்றேன். டைஃபாய்டாக இருக்கும்.

இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்.

நவம்பர் 15, சனி

மாவு ஆட்டினேன். அலமாரியை ஒழித்துப் பழைய துணிகளைக் கட்டிவைத்தேன். அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றினேன், கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். நல்ல வேலை வாங்கிவிட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

பூசை. அம்மா பாட்டுப் புத்தகத்தைத் தானே கையில் வைத்துப் பாடினார். போனை மூன்று முறை எடுத்தேன். மழை.

நவம்பர் 17, திங்கள்

காலையில் ஒச்சு அண்ணன், பவுனுத்தாய்க்கு மூச்சு வாங்குகிறதாம், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். மேடத்திடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனேன்.

அவரை அடையாளம் தெரியவில்லை. முகம் ஊதி, கண் மஞ்சளாக, ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். சின்னச்சாமி கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தார். டாக்டர் சின்னப் பையன்போல இருந்தார். டைஃபாய்டுக்கும் டெங்குவுக்கும் பார்த்துவிட்டோம், இரண்டும் இல்லை என்றார்.

"உண்ணிக் காய்ச்சலுக்குப் பாத்தீங்களா டாக்டர்?"

"இவங்க நாவலோடை. அந்தப் பக்கம் கிடையாதுன்னு லிஸ்ட் வந்திருக்கே."

"உடம்புல கறுப்புப் பொருக்கு எங்கயாவது இருக்கான்னு மட்டும் பாத்துருங்க."

நர்ஸ் திரையை இழுத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாவாடை நாடா கட்டும் இடத்தில், இடுப்பின் மடிப்புக்குள், கறுப்பாக ஒரு காசு அளவு. "இத எப்படி விட்டோம்?" என்றார் டாக்டர், தன்னையே கேட்பதுபோல. உடனே மருந்து ஏற்றினார்கள். அது விலை உயர்ந்த மருந்தும் அல்ல, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது.

பவுனுத்தாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "டீச்சர்" என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தது முகமூடிக்குள்ளேயே போய்விட்டது.

நவம்பர் 19, புதன்

பவுனுத்தாய் இன்று காலை இறந்துவிட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

நாவலோடைக்குப் போனேன். ஒச்சு அண்ணனும் வந்தார். வீட்டு முன்னால் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. மகள் மது, நாலாம் வகுப்புப் படிக்கிறாள், உறவுப் பெண் ஒருத்தியின் மடியில் சாய்ந்து கிடந்தாள்.

பேசாத மனிதர் பேசினார். வந்திருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "டாக்டருங்களுக்கே தெரியாதத இந்த டீச்சர்தான் வந்து சொன்னாங்க. இவங்க வராட்டி என்ன நோவுன்னே தெரியாமப் போயிருக்கும். கொஞ்சம் முந்தி நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மேடத்திடம் நாவலோடையில் ஒருவர் இறந்ததால் மறுபடி பார்க்கலாம் என்று அனுமதி வாங்கி, நேற்று முப்பது கூண்டு வைத்தோம். எட்டு மூஞ்சூறு. ஒவ்வொரு ட்யூப்பிலும் பென்சில் சீட்டு போட்டேன். இந்த ஒரு ஊர் மட்டும்தான், வேறு எந்த ட்யூப்பும் வண்டியில் இல்லை.

திரும்பும்போது ஒச்சு அண்ணன் வண்டியை மெதுவாக ஓட்டினார். ரொம்ப தூரம் வந்த பிறகு கேட்டார்: "அன்னிக்கு ஸ்பிரிட் கொட்டுனப்ப பேரெல்லாம் அழிஞ்சு போச்சா?"

"கொஞ்சம்."

"பெட்டிய வண்டியில அடுக்குனது நாந்தாம்மா. நாவலோடை இடப்பக்கம் இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம். மழத் தண்ணி அந்தப் பக்கந்தான் ஒழுகுச்சு, அதனால மேல சாக்கப் போட்டேன்." வண்டியை வளைவில் திருப்பிவிட்டு, "நீ எங்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

வரிசை வந்துவிட்டது. புதிதாகப் பிடித்த நாவலோடை உண்ணிகளையும், அக்டோபரில் நான் கீழக்கரடு என்று எழுதிய உண்ணிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அறுநூற்று நாற்பது எழுத்து. ஒரு எழுத்துகூட மாறவில்லை. இரண்டிலும் அதே கிருமி. கிருமி இல்லாத அந்த இன்னொரு ரேக்கிலிருந்தும் நான்கு ட்யூப் அனுப்பியிருந்தேன். நான்கும் கிழக்கு வகை.

மூஞ்சூறு மலையைத் தாண்டவில்லை. விறகு லாரியிலும் போகவில்லை.

எனக்கு இது அக்டோபர் 27ஆம் தேதியே தெரியும் என்று இங்கே எழுதிவைக்கிறேன். தெரியும் என்றால், என்னையே தெரிந்துகொள்ள விடாமல் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எத்தனை ட்யூப்ல எழுத்து அழிஞ்சது?"

"எல்லாத்துலயும் மேடம்."

"எல்லாத்துலயுமா?" அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் கேட்டேனே நிர்மலா. லேபிள் சரிதானேன்னு கேட்டேனே."

"கேட்டீங்க மேடம்."

வெளியே யாரோ கதவைத் தட்ட, பிறகு வரச்சொன்னார். எழுந்து ஜன்னல் அருகே போய் நின்றார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. புதிதாகக் கூண்டு வைத்ததில் நாவலோடையிலும் கிருமி கிடைத்திருக்கிறது என்று இன்றே துறைக்குக் கடிதம் போடுவோம், அது பொய் இல்லை, பழைய மாதிரிகளை அடையாளச் சந்தேகத்தால் நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி போதும் என்றார்.

"மேடம், அந்தம்மா..."

"எனக்குத் தெரியும். அதை நினைக்காம இருப்பேன்னா நினைக்கிற? ஆனா இதை வெளிய சொன்னா திட்டம் நின்னுரும். நின்னா இந்த ரெண்டு ஊருக்கும் திரும்ப யாரு போவா? நீ சொல்லு."

சரி என்றேன்.

காய்ச்சல் என்று கேட்ட பிறகும் நான் வீட்டிலிருந்த அந்த மூன்று நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முன் கோயிலில் பாதரிடம் பாவசங்கீர்த்தனம். வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். அம்மாவிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். இரண்டு ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனதைச் சொன்னேன். மேடத்திடம் தலைவலி என்று பொய் சொன்னதைச் சொன்னேன். "வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார் பாதர். இல்லை என்றேன். பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்.

டிசம்பர் 16, செவ்வாய்

திட்டம் மூன்று வருடம் நீட்டிப்பு. ஆணையில் என் பெயரும் இருக்கிறது. அம்மா லூர்து அக்கா வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்து பாயசம் வைத்தார். ஒரு டம்ளர் குடித்தேன். பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அம்மா முந்திரி பழசு என்று கடைக்காரரைத் திட்டினார்.

டிசம்பர் 20, சனி

நாவலோடையில் முகாம். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, பேனர் கட்டி, ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவித்தார்கள். பதினோரு மணிக்கு இரண்டு கிழவர்கள் வந்து பிரஷர் பார்த்துக்கொண்டு போனார்கள். வேறு யாரும் வரவில்லை.

ஆய்வாளர் வழியில் போன ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டார். "அன்னிக்கு இல்லைன்னீங்க, இன்னிக்கு இருக்குங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்களோ" என்றாள். "எனக்குக் களை எடுக்கப் போகணும்."

வீடு வீடாகப் போகிறேன் என்று நான்தான் சொன்னேன். ஒச்சு அண்ணன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு, கறுப்புப் பொருக்கு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள். முதல் தெருவில் முப்பது வீட்டில் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் டிவியைக் குறைக்காமலே தலையாட்டினார்கள்.

இரண்டாவது தெருவில் சின்னச்சாமி வாசலில் உட்கார்ந்து நார் கிழித்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்" என்று மணையை நகர்த்திப் போட்டார். "மது, டீச்சருக்குத் தண்ணி கொண்டா."

நான் உட்காரவில்லை. "அண்ணே, ஒண்ணு சொல்லணும். உங்க ஊர்ப் பூச்சியும் கீழக்கரட்டுப் பூச்சியும் எங்கிட்ட மாறிப்போச்சு. பேரு அழிஞ்சு போன டப்பாவுல நானா யோசிச்சு ஊர மாத்தி எழுதிட்டேன். விசம் இருந்தது இங்கதான். அக்கா கேட்டப்ப ஒண்ணும் இல்லைன்னு சொன்னது நாந்தான்."

அவர் நாரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மண்டியில எங்க பூ மூட்டையே எத்தன வாட்டி மாறிருக்கு. வேணும்னா செஞ்சீங்க? கைப்பிசகு. அதுக்கு என்ன செய்ய."

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த மனிதர் என்னை விட்டுவிட்டார். நான் படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"அது மட்டும் இல்லண்ணே. அக்காவுக்குக் காய்ச்சல்னு எனக்குப் பதினாலாந் தேதியே தெரியும். என்ன காய்ச்சலா இருக்கும்னும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது பதினேழாந் தேதி."

"வேல இருந்துச்சோ?"

"ஒரு வேலயும் இல்லண்ணே. வந்து சொன்னா நான் மாத்தி எழுதுனது தெரிஞ்சுரும். அதனால வீட்டுலயே இருந்தேன்."

அவர் கை நின்றுவிட்டது.

"முந்தியே வந்திருந்தா?"

"மாத்திரையிலயே விட்டிருக்கும். ரெண்டு நாள்ல எந்திரிச்சிருப்பாங்க."

மது தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. "குடுத்துட்டு உள்ள போ தாயி" என்றார். அவள் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். என்ன செய்வதென்று தெரியாமல் குடித்தேன்.

"இத எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?" என்றார்.

நான் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மூணு நாளு" என்றார். "அந்த மூணு நாளும் அவ தலமாட்டுல உக்காந்து ஈரத்துணி போட்டேன். டீச்சரே நம்ம ஊருல அது இல்லைன்னு சொல்லிருச்சு, இது சாதாக் காய்ச்சத்தான்னு அவதான் எனக்குத் தைரியம் சொன்னா." குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மாவுக்கு ஆயுசு அவ்வளவுதான்னு சொல்லித்தான் இந்தப் புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு இருக்கேன். எனக்கும் அதையே சொல்லிக்கிட்டேன். இனி நாங்க ரெண்டு பேரும் என்னத்தச் சொல்லிக்கிறது?"

சொம்பைக் கீழே வைத்தேன்.

"போயிருங்க" என்றார்.

நான் படியிறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் அவள் வாசலுக்கு வருவதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியில் நின்றே, இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். அந்தத் தெருவில் இன்னும் பதினோரு வீடு இருந்தது. அதற்கடுத்த வீட்டுக்குப் போனேன்.